இத்தாலியன் கடையில் கை நனைத்த விவகாரம்

கிள்ளான்,
ஜூன் 4

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் சுகுமாறன் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் பாலன் கைகூப்பி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் தங்கை இராஜம்மாவும் மகன் குகனும் நலம். என் பெரியக்கா மாரியாயியும் நலம். சர்க்கரை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே பந்திங்கில் உங்கள் முட்டி, தூக்கம், பழைய மோட்டார் சைக்கிள் மூன்றும் நல்லபடியாக இருக்க முருகனை வேண்டுகிறேன். நீங்கள் முப்பத்தொரு வருடம் தலைமையாசிரியராக இருந்தவர். நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். சர்வீஸ் முழுக்க நான் எழுதியதெல்லாம் வண்டி வந்த நேரமும் போன நேரமும்தான். ஆகவே இந்தக் கடிதத்தில் பிழைகள் இருந்தால் மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள். என் மகள் உஷாராணி கல்யாணப் பத்திரிகைக்குச் செய்ததுபோலச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டாம்.

வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன சனிக்கிழமை மதியம் மூன்று பத்துக்கு நம் குடும்பக் குழுவில் குகன் ஒரு படம் போட்டான். மூன்று பன்னிரண்டுக்கு நீங்கள் குழுவிலிருந்து வெளியேறிவிட்டீர்கள். அதற்குப் பிறகு பதினேழு முறை கூப்பிட்டுவிட்டேன், மணி அடிக்கிறது, நீங்கள் எடுப்பதில்லை. உங்கள் கோபம் நியாயமானது. அதில் நான் வாதாட வரவில்லை. ஆனால் இந்த மாதம் இருபத்தொன்றாம் தேதி குகனுக்குப் பரிசம். தாய்மாமன் வந்து தட்டை எடுத்துக் கொடுக்காமல் பரிசம் கிடையாது என்பது உங்கள் வீட்டுச் சட்டம், ஆகவே என் வீட்டுக்கும் அதுதான் சட்டம். குகனுக்கு முப்பத்தாறு வயதாகிறது. இது ஏழாவது வரன். ஆறு வரன் தட்டிப்போனபோதும் “பரவால்ல லா அப்பா” என்று சொல்லிவிட்டு டிவி பார்த்தவன், இந்த ஐந்து நாளாகச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் வராவிட்டால் அவன் கல்யாணம் நின்றுவிடும். அதனால் நடந்ததை நடந்தபடி, எதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

விதி உங்களுடையது. “பேச்சு முடியிற வரைக்கும் பொண்ணு வீட்ல கை நனைக்கக் கூடாது. சாப்பிட்டா சம்மதம்னு அர்த்தம். அப்பறம் பின்வாங்க முடியாது.” இந்த விதி எதனால் வந்தது என்பதும் எனக்கு மறக்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன் முதல் வரனுக்காக ரவாங் போனோம். அங்கே இடியாப்பம் வைத்தார்கள். மற்றவர்கள் கூச்சப்பட்டார்கள், எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது, பதினான்கு சாப்பிட்டேன். அதற்கு அப்புறம்தான் நீங்கள் இரண்டு ஜாதகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பொருத்தமில்லை என்றீர்கள். பதினான்கு இடியாப்பம் தின்றுவிட்டு வேண்டாம் என்ற குடும்பம் என்று அவர்கள் ரவாங் முழுக்கச் சொன்னார்கள், அது ரயில் ஏறிக் கிள்ளானுக்கும் வந்தது. இன்றைக்கும் ரவாங் பக்கம் போனால் நான் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொள்கிறேன்.

இந்த வரனைக் கொண்டுவந்தது நீங்கள். பெண் ரோகிணி, அரசாங்கக் கிளினிக்கில் பல் டாக்டர். தகப்பனார் ஜெயராஜ், கப்பலில் இருந்து ஓய்வு பெற்றவர். தாயார் ரமணி. “நல்லா விசாரிச்சிட்டேன், தங்கமான குடும்பம், தைரியமா போய்ப் பாருங்க” என்றீர்கள். எப்படி விசாரித்தீர்கள் என்று கேட்டேன். “அது எனக்குத் தெரியும்” என்று போனை வைத்துவிட்டீர்கள். வீட்டுக்குப் போனால்தானே கை நனைக்கிற தொல்லை, பொது இடத்தில் பார்ப்போம் என்று நான் யோசனை சொன்னேன். அவர்களும் சம்மதித்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன இத்தாலியன் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, எட்டே மேசை, கூட்டம் இருக்காது, அங்கே வாருங்கள் என்றார்கள். நீங்களும் கூட வாருங்கள் என்று உங்களைக் கூப்பிட்டேன். வருவதாகத்தான் இருந்தீர்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் இத்தாலியன் கடை என்றதும் உங்களுக்கு முட்டி வலி வந்துவிட்டது.

ஆக நாங்கள் நான்கு பேர், நான், இராஜம்மா, குகன், மாரியாயி அக்கா, கொமுட்டர் ரயில் ஏறிப் பதினொன்றே முக்காலுக்கு சென்ட்ரலில் இறங்கி நடந்தோம். பூக்கடைக்கு அடுத்த கடை. ‘ரிஸ்தொராந்தே ரமணி’ என்று பலகை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. உள்ளே சிவப்புக் கட்டம் போட்ட மேசைத் துணி, ஒரு பக்கச் சுவர் முழுக்க வந்துபோனவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும் சின்னச் சின்னப் படங்கள், கடைசியில் பெரிய செங்கல் அடுப்பு, அடுப்புக்கு மேலே முருகன் படம், அதற்கு ஒரு சின்ன விளக்கு. இத்தாலிக்காரன் கடையில் முருகனா என்று நான் மகிழ்ந்துபோய் நிற்கிறேன், அந்த அம்மா ரமணி வந்து, “வாங்கண்ணே, வாங்கக்கா, நம்ம வீடு மாதிரி நெனச்சி உக்காருங்க” என்றார். நானும் பேச்சுக்கு, “இந்தக் கடைக்காரங்களோட உங்களுக்கு ரொம்ப நாள் பழக்கமா மா?” என்று கேட்டேன். “நம்ம கடைதாண்ணே. இவரு கப்பல்ல சமையல்காரரா இருந்தாரு இல்ல. கீழ கடை, மேல குடியிருக்கோம்” என்றார்.

ஒரே லைனில் எதிரெதிரே இரண்டு வண்டி வருவதை என் சர்வீஸில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். கடையும் வீடும் ஒன்று என்றால் நாங்கள் நிற்பது பெண் வீட்டில். பெண் வீட்டில் அடுப்பு எரிகிறது, பூண்டு வாசனை வருகிறது, மணி பன்னிரண்டு. காற்று வாங்குவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து பூக்கடை ஓரத்தில் நின்றுகொண்டு உங்களுக்கு மூன்று முறை போன் அடித்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அதனால் நானே பொறுப்பெடுத்து ஆளுக்கொரு காரணம் பிரித்துக் கொடுத்தேன். இராஜம்மாவுக்குச் சனிக்கிழமை விரதம். அது நிஜமும்கூட, உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உள்ளதுதானே, சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டீர்கள். குகனுக்குப் பல்வலி. எனக்கு, வரும் வழியிலேயே சாப்பிட்டாயிற்று. மாரியாயி அக்காவுக்குச் சர்க்கரை, எதுவும் ஆகாது. “ஒரு பருக்கை உள்ள போவக் கூடாது, சொல்லிட்டேன்” என்று எல்லோரையும் எச்சரித்துவிட்டு உள்ளே கூட்டிப்போனேன்.

மச்சான், பல் டாக்டரைப் பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்குப் பல்வலி என்று சொல்லலாமா? நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் இந்த மடத்தனம் நடந்திருக்குமா? பெண் வந்து உட்கார்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. குகன் தட்டைத் தள்ளிவைத்து, பல்வலி என்றான். அவள் உடனே எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, போனில் டார்ச்சைப் போட்டு, “ஆ காட்டுங்க” என்றாள். அவனும் காட்டினான். இரண்டு குடும்பமும் பார்த்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டிருக்கிறான், பெண் குனிந்து மேல்வரிசை, கீழ்வரிசை என்று எண்ணுகிறாள். “எந்தப் பல்லு?” என்றாள். வாயைத் திறந்தபடியே ஏதோ சொன்னான். “பல்லு எல்லாம் நல்லாத்தானே இருக்கு. ரொம்ப அழகா வச்சிருக்கீங்க” என்றாள். பையன் வாயை மூடவே இல்லை. டார்ச்சை அணைத்த பிறகும் திறந்தேதான் இருந்தது. இந்தப் பெண்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, அதனால்தான் எனக்குப் பயமும் அதிகமாயிற்று, ரவாங் மாதிரி இதையும் நான் கெடுத்துவிடக் கூடாதே என்று.

பல்வலி போயிற்றா, அடுத்து அக்கா. சர்க்கரை என்று சொல்லச் சொன்னால் அக்கா முழு உண்மையையும் சொல்லிவிட்டது. “எனக்குச் சக்கர மா. ஒரு மணிக்குள்ள வயித்துக்கு எதாச்சும் போடலன்னா மயக்கம் வந்துரும்.” ரமணி பதறி அடுப்படிக்கு ஓடினார். சூப் வந்தது. நான் அக்காவைப் பார்த்த பார்வையில் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டது. பூண்டு ரொட்டி வந்தது. யாரும் தொடவில்லை. கீரை வைத்துச் செய்த ஏதோ கொழுக்கட்டை வந்தது. தொடவில்லை. நாங்கள் தொடாமல் விட விட, ரொம்ப உயர்ந்த இடத்து மனிதர்கள்போல, இதெல்லாம் இவர்களுக்குப் போதாது என்று நினைத்து, ஜெயராஜ் இன்னும் பெரிய பெரிய தட்டுகளாக அனுப்பிக்கொண்டே இருந்தார். மேசையில் கை வைக்க இடமில்லை. நாங்கள் நான்கு பேரும் பந்திக்குக் காவல் போட்ட ஆட்கள் மாதிரி விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பேச்சை மாற்றுவதற்காக நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அங்கே கரும்பலகையில் சாக்பீஸால் ‘பந்திங் அங்கிள் ஸ்பெஷல்’ என்று எழுதியிருந்தது. அது என்ன என்று கேட்டதும் ஜெயராஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது. உங்கள் பக்கத்து ஆள் ஒருவர், யாரோ பெரியவராம், பெயர் சொல்லமாட்டாராம், மூன்று வாரமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் பிடித்துத் தனியாக வருகிறாராம். கோழி போட்ட லசான்யா, அதுதான் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக ஒரு சாமான், அதில் இரண்டு தட்டு. கழுத்தில் துண்டைச் சொருகிக்கொண்டு, கரண்டி எல்லாம் வேண்டாம் என்று கையாலேயே சாப்பிடுவாராம். தொட்டுக்கொள்ளச் சிலி பாடி மிளகாயை நறுக்கிச் சோயா கீச்சாப்பில் போட்டுத் தரவேண்டுமாம். எல்லாவற்றையும் வழித்துத் தின்றுவிட்டு, “உப்பு கொஞ்சம் கம்மி” என்பாராம். “அவருக்குன்னே ஜன்னல் ஓரத்து மேசைய எடுத்து வச்சிருக்கேன் சார். இன்னிக்கு வரல. ஏன்னு தெரியல” என்று ஜெயராஜ் வாசலைப் பார்த்தார். நிஜமாகவே அந்த மேசையில் சிலி பாடிக் கிண்ணம் தயாராக இருந்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை மச்சான். சம்பந்தம் பேச வந்த எங்களுக்கு நடுக் கடையில் மேசை, ஊர் பேர் தெரியாத ஒரு சாப்பாட்டு ராமனுக்கு ஜன்னல் ஓரமா? நாலு பேர் பார்க்கிற இடத்தில் கழுத்தில் துண்டு கட்டித் தின்கிற அந்தத் தீனிப்பண்டாரத்துக்கு வெட்கம் என்று ஒன்று இருக்காதா? பந்திங்கின் மானத்தை வாங்கவென்றே இப்படிச் சில பேர் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த ஆளாக இருந்தால் கூப்பிட்டுக் கண்டித்து வையுங்கள்.

மணி ஒன்றே கால் ஆயிற்று. ஜெயராஜ் அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். வெள்ளைத் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். “சார், நான் ஜெனோவா லைன் கப்பல் குசினியில பதினெட்டு வருஷம் நின்னவன். இத்தாலிக்காரனே தட்ட வழிச்சி வச்சிட்டு, கையப் புடிச்சிக் குலுக்கிட்டுப் போயிருக்கான். நம்ம ஆளுங்க நீங்க ஏன் சார் ஒன்னையும் தொடமாட்றீங்க? ஏதாச்சும் தப்பா பண்ணிட்டேனா?” என்றார். கப்பலிலேயே பாதி வாழ்க்கை போனவர், இந்தக் கை நனைக்கிற சம்பிரதாயமெல்லாம் அவருக்கு மறந்தே போயிருக்கிறது. ரமணிக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்; அவர் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். எனக்கு அவமானமாகப் போயிற்று. சமைத்தவன் முகம் அப்படி வாடுவதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ரயில்வேயில் எந்த விதியையும் எழுத்தெழுத்தாகப் படிக்கவேண்டும். நம் வழக்கத்தில் சாப்பாடு என்றால் என்ன? இலை போடவேண்டும். சோறு வேண்டும். கையால் பிசைந்து சாப்பிடவேண்டும். இங்கே இலை இல்லை, பீங்கான் தட்டு. சோறு இல்லை, மாவில் செய்த நூல். கை இல்லை, முள்கரண்டி. மூன்றும் இல்லாதபோது இது சாப்பாடே கிடையாது, சும்மா ருசி பார்ப்பது. இதை இராஜம்மா காதில் சொன்னேன். “உங்க இஷ்டம்” என்றாள். நான் முள்கரண்டியை எடுத்தேன். அந்த ஸ்பாகெட்டிக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை மச்சான். சுற்றினேன், சுற்றச் சுற்ற வந்துகொண்டே இருந்தது. உட்கார்ந்தபடி முடியாமல் எழுந்து நின்று தூக்கினேன். அப்போதும் அது தட்டைவிட்டுக் கிளம்பவில்லை. குழம்பு சட்டையில் தெறித்தது, மூக்குக் கண்ணாடியில் தெறித்தது, அடுத்த மேசையிலிருந்த சீனர் ஒருவர் தன் கோப்பையைத் தள்ளி வைத்துக்கொண்டார். கையில் மட்டும் ஒரு சொட்டு படவில்லை. ஐஸ் தண்ணீர்க் கிளாஸின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தது என்பதற்காக அதைக்கூடத் துணி சுற்றித்தான் தூக்கினேன். முருகன் சாட்சியாக அதுவரை என் கை காய்ந்தே இருந்தது.

ஆனால் நான் எழுந்து நின்று படாதபாடு படுவதைப் பார்த்த ஜெயராஜ், கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தார். “அடடே, சார், சொல்லக் கூடாதா? உங்களுக்குத் தட்டும் கரண்டியும்தான் தோதுப்படல” என்று விடுவிடுவென்று வெளியே போனார். பக்கத்தில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. நான்கு இலையோடு திரும்பி வந்தார். எங்கள் முன்னால் இலை விரிந்துவிட்டது. ஒன்று போயிற்று. பிறகு அடுப்படிக்குள் போய், “இது லேசா இருக்கும், பெரியவங்களுக்கு ஒத்துக்கும்” என்று ஒரு சட்டியைக் கொண்டுவந்து இலையில் வைத்தார். கீரை போட்டுக் குழைய வைத்த கஞ்சி மாதிரி இருந்தது. ரிசோட்டோவாம். அக்கா குனிந்து பார்த்தது. “ஏன்டா பாலா, இது அரிசிடா. சோறுடா இது” என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னது. இரண்டும் போயிற்று. கரண்டிகளை எல்லாம் ரோகிணி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இனிக் கை ஒன்றுதான் பாக்கி. நான்கு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இப்போது சொல்லப்போவதுதான் உங்களுக்கு மனக்கஷ்டம் கொடுக்கும். விதியை உடைத்தது நான் இல்லை. மாரியாயி அக்கா இல்லை. உங்கள் சொந்தத் தங்கை. நானும் குகனும் அந்தப் படச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தோம். இராஜம்மா எங்களுக்கு எதிரே. அவள் கொஞ்ச நேரமாக எங்கள் தலைக்கு மேலே சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, அடுப்புப் புகை என்று நினைத்தேன். பிறகு வளையலைப் பின்னால் தள்ளிவிட்டு, “இன்னும் கொஞ்சம் வைங்கண்ணே” என்று ஜெயராஜிடம் சொல்லி, கையால் பிசைந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். ஒரு வாய், இரண்டு வாய் இல்லை, முழு இலை. “அண்ணன் என்னா சொல்லுவாரு?” என்று நான் மேசைக்கு அடியில் காலை மிதித்தேன். “அண்ணங்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க சாப்பிடுங்க” என்றாள். தலைவரே சிக்னலைக் கொடுத்துவிட்டால் வண்டியை யார் நிறுத்துவது? அக்கா பாய்ந்தது. குகன் பல்வலி இல்லாமல் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். நானும் சாப்பிட்டேன், மறைக்க மாட்டேன், நன்றாகவே சாப்பிட்டேன். முடிந்ததும் இராஜம்மா இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினாள். ரமணி அழுதுகொண்டே குங்குமச் சிமிழை எடுத்துவந்து குலவை போட்டார். அடுத்த மேசைச் சீனர் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார். எல்லோரும் சேர்ந்து நின்று படம் எடுத்தோம். அந்தப் படத்தைத்தான் குகன் குழுவில் போட்டான்; அதைப் பார்த்துத்தான் நீங்கள் வெளியேறினீர்கள்.

அன்றிலிருந்து எனக்குத்தான் தூக்கம் இல்லை. உங்கள் தங்கை பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பரிசத்துக்குப் புடவை பார்க்கிறாள். அண்ணன் போனை எடுக்கவில்லையே என்றால், “எடுப்பாரு, எங்க போவாரு” என்கிறாள். அதிர்ச்சியில் புத்தி தடுமாறிவிட்டதோ என்றுகூட எனக்குக் கவலை. வேண்டுமானால் ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள் என்று சொன்னதும் அவள்தான்.

மச்சான், குற்றம் என்னுடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடை யாருடையது என்று முன்கூட்டியே விசாரிக்காதது என் தவறு. உங்கள் விதியை மீறினோம். ஆனால் இந்த முறை பின்வாங்கவில்லை. இரண்டு வீட்டு ஜாதகத்தையும் நீங்களே பார்த்துச் சரி என்றிருக்கிறீர்கள். பிள்ளையும் பெண்ணும் தினமும் பேசிக்கொள்கிறார்கள். அவள் அவனுக்குப் புதுப் பல் துலக்கி ஒன்று அனுப்பியிருக்கிறாள், அதைப் பையன் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். என்மேல் உள்ள கோபத்தை என்னிடமே காட்டுங்கள், இருபத்தொன்றாம் தேதி வந்து எல்லோருக்கும் முன்னால் வேண்டுமானாலும் காட்டுங்கள். தாய்மாமனாகத் தட்டை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

வயதில் மூத்தவரான உங்களுக்கு நான் ஆசி சொல்ல முடியாது. உங்கள் முட்டிக்கு மட்டும் என் ஆசிகள். உங்கள் மருமகன் குகனையும் வரப்போகிற பெண்ணையும் பந்திங்கில் இருந்தபடியே ஒருமுறை நல்ல மனதோடு நினைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் பதிலுக்கும் வருகைக்கும் வழிமேல் விழி வைத்திருக்கும்
பாலன்
(ஸ்டேஷன் மாஸ்டர், ஓய்வு)

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் டெங்கிலிலிருந்து உஷாராணி வந்தாள். மாமாவுக்குப் போகிற கடிதம், பிழை பார்த்துக் கொடு மா என்று மகளிடம் கொடுத்தேன். ‘பந்திங் அங்கிள்’ வரை படித்தவள், “அப்பா, அந்த குரூப் போட்டோவ எடுங்க” என்றாள். போனில் அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். எங்கள் தலைகளுக்குப் பின்னால் சுவர். சுவரில், குகன் காதுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம். அதில் நீங்கள். கழுத்தில் துண்டு, முன்னால் லசான்யா, பக்கத்தில் சிலி பாடிக் கிண்ணம். கீழே மே 9 என்று எழுதியிருக்கிறது. அது சனிக்கிழமை, மச்சான். தட்டில் கோழி.

இராஜம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “நான்தான் அன்னிக்கே பாத்துட்டேனே” என்றாள். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொல்லியிருந்தா இப்படி ஒம்போது பக்கம் எழுதியிருப்பீங்களா?” என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “அண்ணி போயி நாலு வருஷமாச்சு. அதுக்கப்பறம் அண்ணன் பல்லு தெரிய சிரிச்சி நான் பாக்கவே இல்லங்க. அந்தப் படத்துல சிரிக்கிறாரு. யாரு எவருன்னு தெரியாமயே எங்கண்ணன உக்கார வச்சி, சோறு போட்டு, சிரிக்க வச்சி அனுப்பியிருக்காங்க. அந்த வீட்டுல என் புள்ள நல்லா இருப்பான். அதான் சாப்பிட்டேன்.” நீங்கள் அங்கே தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவதை நாங்கள் ஒருவரும் இத்தனை நாள் யோசிக்கவில்லை. அதற்கு வெட்கப்படுகிறேன். நிஜமாகவே வெட்கப்படுகிறேன்.

தீனிப்பண்டாரம் என்று எழுதியதை அடிக்கலாம் என்று பார்த்தேன்; அடித்தல் திருத்தல் உங்களுக்குப் பிடிக்காது என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். ஆகவே மேலே ஒன்பது பக்கத்தில் நான் கேட்ட மன்னிப்பு அத்தனையையும் இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உங்கள் விதிப்படியே பார்த்தால், பையன் பெண்ணைப் பார்ப்பதற்கு மூன்று வாரம் முன்பே நம் குடும்பத்தின் சார்பில் கை நனைத்து இந்தச் சம்பந்தத்தை முடித்தவர் நீங்கள். நாங்கள் போனது சும்மா சாப்பாட்டுக்கு. அதனால் போனை எடுங்கள். ஜெயராஜிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உங்களிடம் ஒன்று சொல்லச் சொன்னார். லசான்யாவில் உப்பைக் கூட்டியிருக்கிறாராம். ஜன்னல் ஓரத்து மேசையில் இன்னும் யாரையும் உட்கார வைக்கவில்லையாம்.